உடம்பை இருக்கிறபடி ஏற்றுக்கொண்டால் ஆரோக்கியத்தில் அக்கறை போய்விடாதா?

போகாது. உடம்பை வெறுத்துத் தொடங்குகிற டயட்தான் சீக்கிரம் முறியும். காலையில் மெஷினில் ஏறினால் நேற்றைவிட ஒரு கிலோ கூட. ராத்திரிச் சாப்பாடு கட். மறுநாள் சாயங்காலம் மிக்சர் பாக்கெட் காலி. அந்தக் குற்ற உணர்ச்சியில் நடைப்பயிற்சியும் நின்றுபோகும். இத்தனைக்கும் அந்த ஒரு கிலோ கொழுப்பே இல்லை. ஊறுகாய், கருவாட்டு உப்பு பிடித்துவைத்த தண்ணீர், மாதவிலக்குக்கு முந்தைய நீர்க்கோர்ப்பு, மலச்சிக்கல், இவற்றாலேயே எடை ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும்.

மிக்சரைக் காலி செய்ததற்கு மன உறுதி இல்லை என்று திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45இல் ஆரோக்கியமான 36 ஆண்களை ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாட்டில் வைத்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கவே ஆரம்பித்துவிட்டார்கள். பசித்த மூளையின் வேலை அது.

எடைக்குப் பதில் இடுப்புச் சுற்றளவைப் பாருங்கள், மாதம் ஒருமுறை போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, டேப்பை இறுக்காமல் சுற்ற வேண்டும். வயிற்றை எக்கினால் கணக்கு தப்பு. இந்தியர்களுக்கு ஆண் 90, பெண் 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. தாண்டினால் ரத்த அழுத்தம், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 5.7 சதவீதத்துக்குக் கீழே இயல்பு), கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். ஒல்லியாக இருப்பவர்களும்தான், நம்மவர்களில் கை கால் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்ந்தவர்கள் நிறைய.

வாரம் 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. எடை இறங்காவிட்டாலும் இவை சர்க்கரையையும் அழுத்தத்தையும் குறைக்க உதவும். போன வருஷத்துச் சுடிதாருக்குள் நுழைவதை இலக்காக வைக்காதீர்கள். இன்றைய அளவுக்குத் தைத்துப் போட்டுக்கொண்டு நடக்கப் போங்கள்.

எல்லாவற்றையும் "என் உடம்பு இப்படித்தான்" என்று விடவும் கூடாது. பின்கழுத்தில், அக்குளில் வெல்வெட் மாதிரி தடித்த கருமை வந்தால் எலுமிச்சை, கடலைமாவு போட்டுத் தேய்க்காதீர்கள். அழுக்கில்லை, பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். சர்க்கரை பரிசோதனை தேவை. முயலாமலே ஆறு மாதத்தில் 60 கிலோ 57 ஆனாலும் சந்தோஷப்படாமல் மருத்துவரைப் பாருங்கள். இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு ரத்தத்தைப் பம்ப் செய்யாத நிலை) உள்ளவர்கள் மட்டும் எடை மெஷினை ஒதுக்கவே கூடாது. நீர் சேர்வதை முதலில் காட்டுவது அதுதான் என்பதால் தினமும் காலையில் எடையைக் குறித்துவைக்க வேண்டும்.