எந்தத் தூண்டில் நரம்பு வாங்கலாம்? தூண்டில்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

மேட்டூர், பூலாம்பட்டி, தண்ணீர் இருக்கிற வருடங்களில் பனமரத்துப்பட்டி ஏரி என்று சேலத்தைச் சுற்றி பல வருடங்களாகத் தூண்டில் போட்டு வருகிறேன். நைலான், ஃப்ளோரோகார்பன், ஹைப்ரிட் மூன்றில் எதை ரீலில் சுற்றுவது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஓமலூரிலிருந்து: அண்ணா, கடையில் ஹைப்ரிட் நரம்பு என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அது நம்ம தங்கூஸ் (நைலான் நரம்பு) தானா, பேர் மட்டும் வேறா?

பேர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு வேறு தம்பி. நைலானையும் ஃப்ளோரோகார்பனையும் ஒன்றாகச் சேர்த்து இழுத்த நரம்பு ஒரு வகை. நடுவில் நைலான், மேலே ஃப்ளோரோகார்பன் பூச்சு என்பது இன்னொரு வகை. இரண்டு விதமான நைலானைக் கலந்த கோபாலிமர் நரம்பையும் சிலர் ஹைப்ரிட் என்றே விற்கிறார்கள். அதில் ஃப்ளோரோகார்பன் துளியும் இருக்காது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் முதல் வகையைப் பற்றித்தான்.

நைலான் தண்ணீரைக் குடிக்கும். காலையில் போட்ட நரம்பு மதியத்துக்குள் கொஞ்சம் ஊறி, பலம் குறைந்து, இழுபடுவதும் கூடிவிடும். ஃப்ளோரோகார்பன் தண்ணீரைக் குடிக்காது, வெயிலுக்கும் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனால் விறைப்பு, விலையும் அதிகம். ஹைப்ரிட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கிட்டத்தட்ட நைலான் அளவுக்கு வளைந்து கொடுக்கும், அதைவிட உரசலைத் தாங்கும். ஒரே ரீலை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஆறு, அடுத்த வாரம் ஏரி என்று போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மேட்டூரிலிருந்து: பண்ணவாடிப் பக்கம் கட்லாவுக்குப் போடுகிறேன். நரம்பு அறுந்துகொண்டே இருக்கிறது. ஃப்ளோரோகார்பனுக்கு மாறினால் சரியாகுமா?

மாறுவதற்கு முன்னால் அறுந்த நுனியைப் பாருங்கள். அதில்தான் பதில் இருக்கிறது. நுனி பன்றி வால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. நரம்பின் மேல் தப்பில்லை. நுனிக்கு மேலே ஒரு சாண் தூரத்துக்குச் சொரசொரப்பாக, வெள்ளை பூத்த மாதிரி இருந்தால் பாறையில் உரசியது. கத்தியால் வெட்டியது போல இருந்தால் கூரான எதன் மேலோ பட்டிருக்கிறது.

அந்த இடத்தில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் அவை. அடியில் இடிந்த சுவரும் கல்லும் கிடக்கும் தண்ணீரில் எந்த நரம்பும் முழுசாகத் தப்பாது. ஹைப்ரிட்டில் 12 பவுண்டோ 15 பவுண்டோ எடை தாங்குவதாகப் போடுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி ஒரு மீட்டரைக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுத்துப் பாருங்கள். நகத்தில் 'டிக்' என்று ஒரு இடம் தட்டினால் யோசிக்காமல் அதுவரை வெட்டிவிட்டு முள்ளைத் திரும்பக் கட்டுங்கள்.

முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இழுக்க வேண்டும். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உரசும் சூட்டில் அந்த இடமே வெந்து போகும். இதே பண்ணவாடியில், புது ஃப்ளோரோகார்பனில் நான் அவசரத்தில் காயக் கட்டிய முடிச்சு, கட்லா கரைக்கு நாலடி தூரத்தில் திரும்பியபோது விட்டுவிட்டது. அதன் வால் புரண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து முடிச்சை நனைக்காமல் நான் முள் போடுவதில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து: ஃப்ளோரோகார்பன் தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. தண்ணீர் ஒளியை வளைக்கும் அளவு 1.33. ஃப்ளோரோகார்பன் 1.42, நைலான் 1.5-க்கு மேல். தண்ணீரின் எண்ணுக்குக் கிட்டே இருப்பதால் ஃப்ளோரோகார்பன் குறைவாகத் தெரியும், மறைந்து போகாது. மழைக்குப் பிறகு காவிரி டீ நிறத்தில் ஓடும்போது இந்தக் கணக்குக்கு வேலையே இல்லை. தெளிந்த தண்ணீராக இருந்தால், ஃப்ளோரோகார்பனை ரீல் முழுக்கச் சுற்றாமல் முள்ளுக்கு மேலே ஒன்றரை மீட்டர் லீடராக (நுனித் துண்டாக) மட்டும் கட்டுங்கள். நூறு மீட்டருக்குக் காசு கொடுப்பானேன்?

ஏற்காட்டிலிருந்து: எஸ்டேட் குட்டையில் விடியற்காலையில் கெண்டைக்குப் போடுகிறேன். ஃப்ளோரோகார்பன் ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளாக ரீலை விட்டுக் குதிக்கிறது.

மலைக் குளிரில் அது இன்னும் விறைத்துக்கொள்ளும். சின்ன ஸ்பின்னிங் ரீலில் 6 பவுண்டு ஹைப்ரிட் சுற்றுங்கள், அந்தத் தொல்லை பெருமளவு குறையும். கிளம்புமுன் முதல் இருபது மீட்டரை இழுத்து, ஈரத்துணியால் ஒரு தடவை நீவி விடுங்கள். ரீலின் விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. இரண்டு மில்லிமீட்டர் காலியாக விடுங்கள். அப்புறம், சுற்றும்போதே பாருங்கள்: நரம்பு கடையில் வாங்கிய உருளையிலிருந்து கழலும் சுற்றும் ரீலில் ஏறும் சுற்றும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். முறுக்கு விழுந்தால் உருளையைத் திருப்பிப் போடுங்கள்.

ஆத்தூரிலிருந்து: விராலுக்கு?

தாமரை, ஆகாயத்தாமரைக்குள் தவளை லூர் (தவளை வடிவப் பொய் இரை) இழுக்க, இழைகளைப் பின்னிய பிரெய்டு நரம்பு ஒன்றுதான். மிதக்கும், இழுபடாது, இலையை அறுத்துக்கொண்டு வரும். அங்கே இந்த மூன்றும் வேண்டாம். ஃப்ளோரோகார்பன் கட்டாயம் வேண்டாம். அது மூழ்கி, தவளையின் மூக்கைத் தண்ணீருக்குள் இழுத்துவிடும்.

சங்ககிரியிலிருந்து: இரண்டு அட்டையிலும் 10 பவுண்டு என்றுதான் இருக்கிறது. ஒன்று ஏன் இவ்வளவு தடிமன்?

பவுண்டைப் பார்த்து வாங்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். எழுதியிருக்கும் எடைக்கு மேல் தாங்கும்படி தடிமனாகச் செய்து, குறைவான எண்ணை அச்சிடும் கம்பெனிகள் உண்டு. அதை மெல்லிய நரம்போடு வைத்து, 'இதுதான் வலு' என்று சொன்னால் நியாயமில்லை. ஒரே தடிமனில் வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: ஹைப்ரிட் விலை கையைக் கடிக்கிறது. சிக்கனமாக வழி இருக்கிறதா?

ரீலின் அடிப்பாதியை மலிவான நைலானால் நிரப்புங்கள். மேலே 75 மீட்டர் மட்டும் ஹைப்ரிட். நமக்கு வீசத் தேவைப்படுவது அவ்வளவுதான். நுனி தேய்ந்து வெட்டி வெட்டிக் குறைந்ததும், அந்த 75-ஐக் கழற்றித் தலைகீழாகச் சுற்றினால் அடியிலிருந்த புது நரம்பு மேலே வரும். ரீலைச் சேலத்து மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள். கழற்றின நரம்பைக் கரையிலும் விடாதீர்கள்; மூக்கனேரித் திட்டுகளில் அடையும் பறவைகளின் காலில் அது சுற்றிக்கொள்ளும். துண்டு துண்டாக வெட்டி வீட்டுக்குக் கொண்டு போங்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து: பன்னிரண்டு வயதுப் பையனுக்கு முதல் தூண்டில். அவனுக்கும் ஹைப்ரிட்டா?

வேண்டாங்க. அவன் சிக்கல் போடுவான், மரத்தில் மாட்டுவான், அறுப்பான். சாதா நைலான் 8 பவுண்டு போதும். அது நல்லா இழுபடும், பையன் பதறி வெட்டி இழுத்தாலும் ஜிலேபி மீனின் வாய் கிழியாமல் காப்பாற்றும். ஏரியைக் குத்தகை எடுத்தவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு தக்கை, சின்ன ஈயம் இரண்டு, கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு மண்புழு. தக்கை முதல் தடவை அசையும்போது அவனை இழுக்க விடாதீர்கள். அது முழுசாக உள்ளே போகட்டும்.