டிரோனுக்கு ஏரோநாட்டிகல் எதற்கு?

மகனுக்கு டிரோன் மேல் ஆசை. ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங்கை விட்டால் வேறு வழியே இல்லை என்கிறார் பெரியப்பா. மேனேஜ்மென்ட் சீட்டுக்காக நிலத்தை அடமானம் வைக்கலாமா என்று மன்னார்குடிப் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அம்மா. பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

டிரோன் ஓட்டப் பட்டம் தேவையில்லை. 2021 டிரோன் விதிகள் கேட்பது 18 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அங்கீகரித்த மையத்தில் பயிற்சி, அங்கேயே ஒரு தேர்வு. அந்தச் சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். செலவு ஆயிரங்களில் முடியும், லட்சங்களுக்குப் போகாது.

ஆனால் சில நாள் பயிற்சியில் கிடைக்கும் சான்றிதழை ஊரில் நாலு பேர் வாங்கிவிடுவார்கள். "மிக்ஸி, மோட்டார் எது கண்ணில் பட்டாலும் கழற்றிப் போடுகிறான்" என்று குறையாக எழுதியிருக்கிறீர்களே, விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

டிரோனில் பயிருக்கு மருந்தடிக்கும் குழுவை வயலில் போய்ப் பாருங்கள். 10 லிட்டர் டேங்க் நிரப்பி, மொத்த எடை 25 கிலோவுக்குள் கிளம்பும் டிரோன், ஏக்கரை ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடும். பைலட்டின் வேலை அந்த ஏழெட்டு நிமிடம்தான். மற்றதெல்லாம் வரப்பில் நிற்பவன் கையில். ஒரு நாளைக்கு இருபது ஏக்கர் ஓட வேண்டுமானால் நாலைந்து செட் பேட்டரி, ஒரு ஜெனரேட்டர், அவற்றைச் சுழற்சியில் வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இறங்கிய சூட்டோடு சார்ஜில் போட்டால் பேட்டரி கெடும். வேலையில்லாத வாரங்களில் முழு சார்ஜில் வைத்தால் உப்பிவிடும், பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் 3.8 வோல்ட் அளவில் இருக்கும்படி வைத்துப் பூட்ட வேண்டும். தூள் மருந்தைத் தனி வாளியில் கரைத்து வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் (மருந்து தெளிக்கும் முனை) அடைத்து, வயலில் கோடு கோடாக மருந்து விடுபடும். சாயங்காலம் நல்ல தண்ணீர் விட்டு பம்பை ஓட்டிக் கழுவாவிட்டால் மறுநாள் பம்பே இழுக்காது. சுழலும் இறக்கையில் மயிரிழை விரிசலை நகத்தால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் டிரோன் விழும். அன்றைய வேலையும் போகும், முதலாளியின் முதலும் போகும். பைலட் லீவு போட்டால் இன்னொரு பைலட்டைக் கூப்பிடலாம். இந்த ஆள் வராவிட்டால் வண்டி கிளம்பாது.

இதற்கென்றே சில ஐ.டி.ஐ.களில் டிரோன் டெக்னீஷியன் என்று 6 மாதப் பயிற்சி இருக்கிறது. பையனுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்கிறீர்கள். அந்த இடைவெளியில் இதை முடிக்கட்டும். வயது வந்ததும் பைலட் சான்றிதழும் எடுக்கட்டும். மருந்தடிப்பு சீசன் வேலை, வருடம் முழுக்கக் கிடைக்காது. சீசன் இல்லாத மாதங்களில் பைலட் சும்மா இருப்பார். ரிப்பேர் தெரிந்தவனுக்கு அப்போதுதான் எல்லோருடைய டிரோனும் வந்து சேரும்.

பெரியப்பாவிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கடனுக்கு வட்டி யார் கட்டுவது? பையனிடம் கேட்க வேண்டியது வேறு. சம்பா மருந்தடிப்பு தொடங்கும்போது பக்கத்துக் குழுவோடு இரண்டு நாள் அனுப்புங்கள். விடியலில் கேன் தூக்கி, கையுறை போட்டு மருந்து கரைத்து, வெயிலில் பேட்டரி மாற்றட்டும். மூன்றாம் நாளும் போகிறேன் என்றால் ஐ.டி.ஐ. விண்ணப்பம் வாங்குங்கள்.