சின்ன பிஸ்டன் பேனா – ஒரு கடிதம்

அண்ணே வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதுறேன். நீங்க இங்க் பேனா பத்தி எழுதுனத படிச்சுட்டு சின்னதா ஒரு பிஸ்டன் பேனா வாங்குனேன், பின்னாடி குமிழ திருகுனா பேனாவே மைய உள்ள இழுத்துக்குற வகை. சட்டைப்பையில அடக்கமா இருக்கு, நல்லாவும் எழுதுது, ஆனா மை நாலஞ்சு நாள்ல தீந்துருது. எங்கப்பாவோட ஃபில்லர் வச்சு ஊத்துற பழைய பேனா வாரக்கணக்குல வரும். அதுக்கே மாறிரவா? இந்தப் பேனாவுலயே ரசீதும் போடலாமா?

– வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

மாறாதீங்க. மை சீக்கிரம் தீருதுன்னு நீங்க குறையா சொல்றீங்க, தினமும் எழுதுற ஆளுக்கு அதுதான் இந்தப் பேனாவுல நல்ல விஷயமே.

அப்பா பேனாவுல உடம்பு பூரா மை. ரொம்பியிருக்க வரைக்கும் பிரச்சனையில்ல, பாதிக்கு கீழ எறங்குனதும் மிச்ச எடத்துல காத்து நிக்கும், நம்மூர் சித்திரை வெயிலும் கைச்சூடும் சேந்து அந்தக் காத்து விரிஞ்சு மைய தள்ளுச்சுன்னா பேரேட்டுல பொட்டுனு ஒரு சொட்டு விழுந்துரும். பிஸ்டன்லயும் இது நடக்கலாம், ஆனா சின்னப் பேனாவுல மொத்தமே ஒரு மில்லி சொச்சம்தான், காத்து நிக்கவும் எடம் கம்மி. அதுபோக நிப்ப மேல பாத்து புடிச்சுக்கிட்டு பின்னாடி குமிழ மெதுவா திருகுனா காத்து வெளிய போயிரும், மை ஏறி வந்ததும் நிறுத்திருங்க. ஃபில்லர் பேனாவுல இதுக்கு வழியே கெடையாது.

இன்னொன்னு, ஒவ்வொரு தடவை மை இழுக்கும்போதும் நிப்பு, அதுக்கடியில இருக்க கட்டை எல்லாத்து வழியாவும் புது மை பாஞ்சு போகுது. அப்படி வாரத்துக்கு ஒருதடவையாவது ஓடுற பேனா லேசுல அடைக்காது. 1929லயே ஜெர்மனியில பெலிக்கான் கம்பெனிக்காரங்க இந்த திருகு பிஸ்டன் பேனாவ கொண்டு வந்துட்டாங்க, அப்ப இருந்த பல பேனா மாதிரி உள்ள மை புடிக்க ரப்பர் பை கெடையாது, அதனால பை மக்குற தொல்லையும் இல்ல. இத்தன வருஷம் கழிச்சும் அதே முறைதான் ஓடுதுன்னா சும்மாவா?

30 மில்லி பாட்டில் ஒண்ணு ஆபீஸ் டிராயர்ல போட்டு வைங்க, இருவது, இருவத்தஞ்சு தடவைக்கு வரும். கணக்குப் புஸ்தகத்துக்கு ராயல் ப்ளூ வேணாம், தண்ணி பட்டா போயிரும், பெர்மனென்ட் மையா கேட்டு வாங்குங்க. படம் வரையிற இந்தியன் இங்க்க மட்டும் தயவுசெஞ்சு ஊத்திறாதீங்க, உள்ளயே காஞ்சு இறுகிரும், அப்பறம் அந்தப் பேனாவ மறந்துர வேண்டியதுதான். மாசம் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கழுவுங்க, போர் தண்ணியில உப்பு அதிகம், கேன் தண்ணியே போதும், சுடுதண்ணி ஆகாது. குமிழ் இறுகுனா தேங்காண்ணெய் விடாதீங்க, சிலிக்கான் கிரீஸ் துளி போதும்.

ரசீதுக்கு பால் பாயிண்ட் பேனாவே வச்சுக்கங்க. கார்பன் தாள்ல அடி காப்பி விழணும்னா அழுத்தித்தான் ஆகணும், அந்த அழுத்தத்துக்கு நிப்பு விரிஞ்சுரும் தம்பி.