கிஃப்ட் கார்டு பணம் எப்போது கடைக்காரருடையது ஆகும்?

டவுண் ரதவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு 1,000 ரூபாய் கிஃப்ட் கார்டு 100 போயிற்று. ஒரு லட்சத்தையும் விற்பனையில் எழுதலாமா?

கூடாது. நீங்கள் இன்னும் ஒரு முழம் துணிகூடக் கிழிக்கவில்லையே! அது முன்பணம், பாலன்ஸ் ஷீட்டில் பொறுப்புப் பக்கம், அதாவது நீங்கள் தீர்க்க வேண்டிய பாக்கிகள் பக்கம், தனி லெட்ஜராக நிற்கட்டும். கார்டோடு ஒருவர் வந்து வேட்டி எடுக்கும் அன்று, அந்தத் தொகையை மட்டும் விற்பனைக்கு மாற்றுங்கள். நம்மூரில் பலருக்குக் கல்லாவும் விற்பனையும் ஒன்றுதான். பிறகு ஆடிட்டரோடு மல்லுக்கட்டு.

சிலர் கார்டைக் கொண்டுவரவே மாட்டார்கள். அந்தப் பணம் என்ன ஆகும்? (பாளையங்கோட்டை, நிறுவனக் கணக்காளர்)

உங்கள் நிறுவனம் இண்ட் ஏஎஸ் (இந்தியக் கணக்கியல் தரங்கள்) வரம்புக்குள் வந்தால், 2018 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள 115-ஆம் தரம் வழி சொல்கிறது. மேலே சொன்ன ஒரு லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். பழைய கணக்குகளை வைத்து, அதில் 10,000 ரூபாய்க்கு யாரும் வர மாட்டார்கள் என்று நம்பகமாகக் கணிக்க முடிகிறது. மீதி 90,000-இல் இந்த வருடம் 45,000-க்குத் துணி எடுத்துவிட்டார்கள், அதாவது பாதி. அப்படியானால் வராத 10,000-இலும் பாதி, 5,000 ரூபாயை வருமானமாக எடுக்கலாம். ஆக 50,000 வருமானம், 50,000 பொறுப்பு.

கார்டு போட்டு இதுதான் முதல் வருடமா? கணிக்க ஆதாரம் இல்லையென்றால் பங்கு போடாதீர்கள். இனி யாரும் வர வாய்ப்பே இல்லை என்கிற நிலை வரும்வரை பொறுங்கள். மார்ச் மாதம் லாபம் குறைகிறதே என்று பத்து சதவீதத்தை உருவி எடுப்பது கணிப்பு இல்லை, ஆசை.

யாரும் பயன்படுத்தாத கார்டுக்கு ஜிஎஸ்டி உண்டா?

இல்லை. கிஃப்ட் கார்டு போன்ற வவுச்சரை விற்பது பொருள் வழங்கலும் அல்ல, சேவை வழங்கலும் அல்ல. பயன்படுத்தாமல் போன தொகைக்கும் வரி கிடையாது என்று 2024 டிசம்பர் 31 தேதியிட்ட ஜிஎஸ்டி சுற்றறிக்கை தெளிவாகவே சொல்லிவிட்டது. துணி எடுக்கும்போது துணிக்குத்தான் வரி.

நகைச் சீட்டு ஏன் 11 மாதத்தோடு முடிகிறது? (அம்பாசமுத்திரம்)

ஏறக்குறைய இதே கதைதான். பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் பொருளாகத் தீர்க்காவிட்டால், கம்பெனிகள் டெபாசிட் வாங்குவது பற்றிய 2014 விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும். அப்புறம் அதற்கான சட்டதிட்டங்கள் எல்லாம் வந்து சேரும். அந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான், 12-ஆவது மாதத்துக்குள் உங்களைக் கடைக்கு வரச்சொல்லி விடாமல் போன் போடுகிறார்கள்.