ஆர்டர் கொடுத்துச் செய்த கத்தி. பட்டறைக்காரர் வாய் திறக்கவில்லை

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயில் பூசையில் கிடாவைத் துண்டு போட்டுப் பங்கு வைப்பது பல வருடமாக என் வேலை. இந்தத் தடவை நல்ல கத்தியாக இருக்கட்டும் என்று, ஜொகூரில் ஆர்டர் எடுத்துக் கத்தி செய்யும் ஒருவரிடம் சொல்லிச் செய்தேன். அவரும் நம்மவர்தான், பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் தமிழில்தான். விலை 780 வெள்ளி (ரிங்கிட்). 300 வெள்ளி முன்பணம், மீதியைக் கத்தி அனுப்பும் முன் கட்டிவிட்டேன். கெமுனிங் மரப் பிடி, தோல் உறை, கூடவே "ஆயுள் முழுக்க உத்தரவாதம்" என்று அச்சடித்த ஓர் அட்டையும் வந்தது.

பூசையன்று தொடை எலும்பில் நாலு வெட்டு விழுவதற்குள் கத்தி வாயில் இரண்டு இடத்தில் சில்லு பெயர்ந்துவிட்டது. பிடியும் ஆடுகிறது. கத்தியில் கறுப்புக் கறையும் துருவும் வருகிறது. "அனுப்பி வையுங்கண்ணே, சரி பண்ணித் தரேன்" என்றார். கூரியரில் அனுப்பினேன். இரண்டு மாதம் ஆயிற்று. செய்தி போட்டால் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. போன வாரம்தான், "நீங்கள் தப்பாக வெட்டியிருக்கிறீர்கள், ஆர்டர் கத்திக்குப் பணம் திரும்பக் கிடையாது" என்று ஒரு வரி வந்தது. மச்சான் முகநூலில் போட்டு நாறடிப்போம் என்கிறார், மகன் போலீஸ் ரிப்போர்ட் செய்யச் சொல்கிறான். நான் என்ன செய்யட்டும்? ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் மகனின் ஆட்டிறைச்சிக் கடையில் உதவிக்கு நிற்பதுண்டு. அதனால் ஏதும் சிக்கல் வருமா?

பதில்: ஐயா, உங்கள் பணத்தைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கு முன் ஒரே ஒரு கடிதம் எழுத வேண்டும். மச்சானையும் மகனையும் அதுவரை கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கைகொடுப்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். பொருளை விற்பவர் வாயால் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், சில உத்தரவாதங்கள் அந்தப் பொருளோடு தாமாகவே வந்துவிடுகின்றன என்கிறது இந்தச் சட்டம். பிரிவு 32 பொருளின் தரத்தைப் பற்றியது. அந்த வகைப் பொருள் வழக்கமாக எதற்குப் பயன்படுமோ அதற்கு உதவ வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், நீடித்து உழைக்க வேண்டும். விலையையும் விற்பவர் சொன்ன வார்த்தைகளையும் வைத்தே இதை எடை போடுவார்கள். பசாரில் 15 வெள்ளிக்கு வாங்கிய கத்தியிடம் எதிர்பார்ப்பதும் 780 வெள்ளிக் கத்தியிடம் எதிர்பார்ப்பதும் ஒன்றல்ல.

உங்கள் வழக்கின் உயிர் பிரிவு 33இல் இருக்கிறது. இன்ன வேலைக்கு வேண்டும் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் கைத்திறனை நம்பி வாங்கினால், அந்த வேலைக்கு அது பொருந்தியாக வேண்டும். ஆகவே வாட்ஸ்அப்பில் பின்னோக்கிப் போய், ஆர்டர் கொடுத்த நாள் பேச்சைத் தேடி எடுங்கள். "கிடா வெட்டி எலும்போடு துண்டு போட" என்று நீங்கள் கேட்டதும், "தாங்கும்" என்கிற மாதிரி அவர் சொன்னதும் அங்கே இருந்தால், "தப்பாக வெட்டினீர்கள்" என்ற அவருடைய வாதம் பாதி செத்துவிடும். சாதாரணச் சமையல் கத்தியை எலும்பில் போட்டு அடித்தால் குற்றம் அடித்தவர் மேல்தான், சட்டமும் அப்படித்தான் பார்க்கும். மெல்லிய வாயோடு, இரும்பின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60க்கு மேல் விறைப்பாகப் பதம் வைத்த கத்தி காய்கறிக்கும் சதைக்கும் அருமையாக ஓடும், எலும்பில் கண்ணாடி போலச் சில்லு விடும். எலும்புக்கென்றால் வாய் தடிப்பாக இருக்க வேண்டும், பதத்தைச் சற்று இறக்க வேண்டும். இது கத்தி செய்பவர் அறிந்திருக்க வேண்டிய சங்கதி. எலும்புக்கு என்று கேட்டவருக்கு அதற்கேற்ற பதம் வைக்காதது அவர் பொறுப்பு.

பேச்சு குரல் பதிவாக இருந்தால் அழித்துவிடாதீர்கள், போனை மாற்றும்போது தொலைத்துவிடவும் வேண்டாம். எழுத்துப் பேச்சைப் போன் திரையில் தெரிகிறபடியே படம் பிடித்து, தேதி தெரியும்படி அச்சடித்து வையுங்கள். பேச்சு தமிழில் இருப்பதால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மலாயில் பொருள் எழுதிச் சேருங்கள். விசாரிப்பவருக்குத் தமிழ் தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது. பேரப்பிள்ளை யாராவது ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடுவார்.

துருவை மட்டும் விட்டுவிடுங்கள். கார்பன் இரும்பு என்றால் கறுக்கும், துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துரு பிடிக்கும். அது இரும்பின் குணம். கறை ஏறாத எஃகு என்று அவர் சொல்லி விற்றிருந்தால் மட்டுமே அது குறையாகும். மூன்று குறை சொல்லி ஒன்று பொய்த்துப்போனால், மற்ற இரண்டையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். சில்லு, ஆடும் பிடி, இந்த இரண்டும் போதும்.

"ஆர்டர் கத்திக்குப் பணம் திரும்பக் கிடையாது" என்பதைப் பார்ப்போம். வாங்கியவர் மனம் மாறி, பிடியின் நிறம் பிடிக்கவில்லை, பேரைச் செதுக்கியது பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் அந்தப் பேச்சு எடுபடும். அந்தக் கத்தியை அவர் வேறு யாரிடம் விற்க முடியும்? அதில் நியாயம் இருக்கிறது. குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. இந்தச் சட்டம் தரும் உரிமைகளை ஒப்பந்தம் போட்டு ஒதுக்கிவிட முடியாது என்று பிரிவு 6 சொல்கிறது. ஆயுள் உத்தரவாத அட்டையும் சும்மா இல்லை. செய்தவரே எழுதிக் கொடுத்த உத்தரவாதம் அவரைக் கட்டும். அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது பிரிவு 41. குறையைச் சரி செய்ய முடியுமென்றால், நியாயமான கால அளவுக்குள் சரி செய்யும்படி விற்றவரிடம் முதலில் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ, கவனிக்காமல் விட்டாலோ, செய்தும் சரிவராவிட்டாலோ, வேறு இடத்தில் பழுது பார்த்து அந்தச் செலவை அவரிடம் வாங்கலாம். அல்லது பொருளே வேண்டாம் என்று நிராகரித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கோபத்தில் முதலிலேயே பக்கத்துப் பட்டறையில் கொடுத்துத் தேய்த்துவிடுவார்கள். அப்புறம் சில்லுக்குக் காரணம் பழைய பதமா, புதுச் சாணையா என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. நீங்கள் அவரிடமே அனுப்பியது நல்ல காரியம். சில்லு பெயர்ந்த வாயை அனுப்பும் முன் படம் எடுத்தீர்களா? பூசையன்று பசங்கள் யாராவது எடுத்திருப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

"நியாயமான காலம்" எத்தனை நாள் என்று சட்டத்தில் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அவர் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் பெரும்பாலும் ஒரே ஆள்தான் அடிப்பது, தேய்ப்பது, பிடி போடுவது, போனுக்குப் பதில் சொல்வது எல்லாம். வரிசையில் ஆர்டர்கள் காத்திருக்கும். அதனால் இரண்டு மாதம் என்பதை மட்டும் வைத்து நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் இந்த இரண்டு மாதத்தில் "இன்ன தேதிக்குள் முடிப்பேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கடைசியில் மறுப்பும் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரிச் செய்திதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய ஆதாரம்.

சரி, கடிதம். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். கத்தி வாங்கிய தேதி, கட்டிய தொகை, என்ன வேலைக்கு என்று சொன்னது, என்ன குறை, கூரியரில் அனுப்பிய தேதி, இவ்வளவு போதும். பிறகு இப்படி முடியுங்கள்: "இக்கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் கத்தியைச் சரி செய்து, சொன்ன வேலைக்குத் தாங்கும்படி அனுப்ப வேண்டும். தவறினால் கத்தியை நிராகரித்து 780 வெள்ளியையும் கூரியர் செலவையும் கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போவேன்." திட்ட வேண்டாம், சாபமும் வேண்டாம். கத்தி இப்போதே அவர் கையில் இருப்பதால், நிராகரிக்கும்போது திருப்பி அனுப்பும் தொல்லையும் உங்களுக்கு இல்லை.

அவர் முகவரி தெரியாதே என்று நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய கூரியர் ரசீதைப் பாருங்கள், அதில் இருக்கும். பணம் போட்ட வங்கிக் கணக்கின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு ஆயிரம் பெயர் இருக்கலாம், கோரிக்கை போடுவது பதிவு பெற்ற உரிமையாளர் பேரில். சிறு தொழில்களின் பதிவுத் தகவலைச் சிறு கட்டணம் கட்டி எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பார்க்கலாம். பதிவே செய்யாமல் நடத்தினாலும், தொடர்ந்து ஆர்டர் எடுத்து முன்பணம் வாங்குகிறவர் "இது எனக்குப் பொழுதுபோக்கு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

14 நாள் தாண்டினால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். நம் ஆட்கள் திரிபியூனல் என்று சொல்வது இதைத்தான். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், பிரச்சினை எழுந்த 3 ஆண்டுக்குள் போக வேண்டும். பாரம் 1 என்ற படிவத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும். உங்களுக்குப் பக்கம் ஈப்போ, இணையத்திலும் பதியலாம். அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை. ஆக இந்த வழக்கில் வழக்கறிஞரான எனக்குச் சம்பாத்தியம் இல்லை, உங்களுக்கும் செலவு இல்லை. எதிர்த்தரப்பு வராவிட்டாலும் விசாரணை நடத்தித் தீர்ப்பு சொல்ல மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அபராதமோ சிறையோ வரலாம். தண்டனை என்று கேள்விப்பட்டதும் பணத்தைக் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் மகனின் கடையைப் பற்றி நீங்களாகவே எழுதியது நல்லது. இந்தச் சட்டம் வீட்டுப் புழக்கத்துக்கான பொருளை வாங்குபவருக்கானது, வியாபாரத்துக்கு வாங்குபவருக்கு அல்ல. கத்தியைக் கடையில் இறைச்சி வெட்ட வாங்கியதாக எதிர்த்தரப்பு காட்டினால், நீங்கள் பயனீட்டாளரே இல்லை என்று வாதம் செய்யலாம். பூசைக்கும் வீட்டுக்கும் வாங்கியது என்பதுதான் உண்மையென்றால் அதையே சொல்லுங்கள், கடையில் ஒரு நாள் எடுத்து வெட்டியிருந்தால் மறைக்காதீர்கள். ஒருவேளை அந்த வாதம் எடுபட்டாலும் வழி மூடிவிடாது. 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்திலும் தரம், பொருத்தம் பற்றிய விதிகள் உண்டு. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சிறு கோரிக்கையாக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் போடலாம்.

மகன் சொல்லும் போலீஸ் ரிப்போர்ட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏமாற்றுக் குற்றம் என்றால் ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். இவர் கத்தியைச் செய்து அனுப்பியிருக்கிறார். இது சிவில் விவகாரம் என்று சொல்லி உங்களை அனுப்பிவிடுவார்கள். மச்சானின் யோசனை இன்னும் ஆபத்து. நடந்ததை நடந்தபடி எழுதுவது ஒன்று, பட்டறைப் பெயரைப் போட்டு "திருடன், ஏமாற்றுக்காரன்" என்று எழுதுவது வேறு. பின்னதற்கு அவதூறு வழக்கு வந்தால், கேட்கப் போன 780 வெள்ளி எங்கே போயிற்று என்றே தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கத்தியை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாலோ, அதை மன்றத்தில் காட்ட வேண்டி வந்தாலோ, இடுப்பில் செருகிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடாதீர்கள். சட்டபூர்வமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதற்கு 1958ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் அபாயகர ஆயுதங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவில் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இருக்கிறது. உறையில் போட்டு, துணியில் சுற்றிக் கட்டி, காரின் பின்பெட்டியில் வைத்து, ரசீதும் கடித நகலும் கூடவே எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வாருங்கள். வழியில் சாப்பாட்டுக் கடையில் இறங்கி நண்பர்களுக்குக் காட்டும் வேலை வேண்டாம். மன்றத்துக்குப் படங்களே போதும். கத்தியைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால் எப்படிக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் போனதும் அவர் இறங்கி வர வாய்ப்பு அதிகம். விசாரணை நாளிலும் இரு தரப்பையும் சமரசம் பேசச் சொல்வார்கள். புதுக் கத்தி செய்து தருகிறேன் என்றால், எலும்புக்குத் தாங்கும் என்ற வார்த்தையும் தேதியும் எழுத்தில் இருக்கட்டும். பாதிப் பணம் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்வது உங்கள் விருப்பம். எதற்கு ஒத்துக்கொண்டாலும், பணம் உங்கள் கணக்கில் விழும் முன் கோரிக்கையை மீட்டுக்கொள்ளாதீர்கள்.