பத்தடி தூரத்துக்கு ஒரு மிஸ்டு கால்

கேள்வி: எனக்கு 31 வயது. பல்லடம் பக்கம் கிராமம், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இயர்போனில் பாட்டுப் போட்டால் எங்கேயோ போய்விடுகிறேன். ஒரு மணி நேரம் ஐந்து நிமிடமாகத் தெரிகிறது. பஸ்ஸில் இறங்கும் இடத்தைத் தாண்டிவிடுகிறேன். வீட்டில் விசைத்தறி உண்டு; அப்பா போனபிறகு அம்மாதான் ஓட்டுகிறார். அந்த இரைச்சலுக்காகத்தான் இயர்போன் வாங்கினேன். தறியைக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு வேறு ஓடுகிறது. சாப்பிடக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது என்று அம்மா அடுக்களையிலிருந்து மிஸ்டு கால் கொடுப்பார். பாட்டு நிற்கும், எழுந்து போவேன். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பதில்: தம்பி, இதே கேள்வியைப் பலர் எழுதிவிட்டார்கள். பாட்டில் லயிப்பது எல்லோருக்கும் உண்டு, ஆளுக்கு ஆள் கூடக்குறைய. 1974-லேயே டெல்லகன், அட்கின்சன் என்ற இரு உளவியலாளர்கள் இந்த லயிப்பை அளக்கக் கேள்விப் பட்டியலே போட்டுவிட்டார்கள். கவனமெல்லாம் ஒன்றில் குவிந்தால் நேரத்தைக் கணக்கு வைக்க மனசில் இடமிருக்காது. அவ்வளவுதான், அது கிடக்கட்டும்.

அந்த மிஸ்டு கால்தான் என்னை உறுத்துகிறது. ஏதோ வசதி மாதிரி போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பத்தடி தள்ளியிருக்கும் மகனைச் சோற்றுக்குக் கூப்பிட ஒரு தாய் போனைத் தேடி எடுக்கிறார். ‘கண்ணு, சாப்புட வா’ என்று எத்தனை நாள் தொண்டை வறளக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இந்த வழியைக் கண்டுபிடித்தாரோ! உங்களுக்குக் கொஞ்சமும் கூசவில்லையா?

இரைச்சல் என்று சாக்குச் சொல்லாதீர்கள். அதே இரைச்சலில்தான் அவரும் நிற்கிறார். பல தறி ஓடும்போது ஒன்று நின்றாலும், சத்தம் மாறுவதை வைத்தே தறிக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் காது உங்களை எதிர்பார்த்துத்தானே இருக்கிறது?

பாட்டுக்குள் போவது ஒன்று, பாட்டை வைத்துச் சுற்றியிருப்பதை அடைத்துக்கொள்வது வேறு. அன்றாடம் பாட்டுக் கேட்பவர்களை ஆராய்ந்த ரூத் ஹெர்பர்ட் போன்றவர்கள் இந்த இரண்டையுமே பேசுகிறார்கள். பஸ்ஸில் நீங்கள் செய்வது முதலாவதாக இருக்கலாம். வீட்டில் செய்வது இரண்டாவது என்றுதான் எனக்குப் படுகிறது. தறிப் பேச்சு காதில் விழக்கூடாது, அதுதானே?

நம் கொங்கு நாட்டில் இசையால் நிலை மறப்பது புதிதா என்ன? பொன்னர்-சங்கரின் அண்ணன்மார் கதையில், அவர்கள் போரில் மடிவதை நடத்திக் காட்டும் படுகளம் பார்த்திருப்பீர்கள். உடுக்கை ஏற ஏற அருள் வந்து கட்டையாக விழுவார்கள். ஆனால் விழுந்தவரைச் சுற்றி ஊரே நிற்கும். தீர்த்தம் தெளித்து எழுப்பாமல் விடமாட்டார்கள். நீங்களோ எழுப்ப வருகிற ஒரே ஆளையும் வெளியே நிறுத்திவிட்டீர்கள்.

பெற்றவள் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கு எழுந்து போகவேண்டும். பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. வேலைவிட்டு வந்ததும் இயர்போனைக் கழற்றி அம்மா கையில் கொடுங்கள். ஒற்றைக் காதில் மாட்டுகிற தந்திரமெல்லாம் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு எதிரே உட்காருங்கள். கூலி என்ன வருகிறது, கரண்ட் பில் எவ்வளவு, கடன் யாருக்கு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் வரச்சொல்லுங்கள். தறியில் அவர்களுக்கும் பங்கு உண்டு.