கேள்வி–பதில்: டீரா க்ளேனின் பாலி ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும்போது

அருங்காட்சியகவியல் படிக்கிறேன். ஸ்வீடன் ஓவியர் டீரா க்ளேன் பாலியில் வரைந்த கைமுத்திரைப் படங்களை வைத்து ஒரு கண்காட்சிக்குத் திட்டம் எழுத வேண்டும். 12 வாரம் நடத்தலாமா? – வாசகி, ஸ்டாக்ஹோம்

நடத்தலாம். ஆனால் ஒரே படங்களை 12 வாரமும் சுவரில் விட்டுவைக்கக் கூடாது. க்ளேன் (1874–1951) 1920ஐ ஒட்டிய காலத்தில் பாலியில் இருந்தார். பூசாரிகளின் கைமுத்திரைகளைத் தாளில் வரைந்தார். அவை 1924இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. தாளும் நீர்வண்ணமும் வெளிச்சத்தைத் தாங்காதவை. வெளுத்த நிறத்தை எந்தப் பழுதுபார்ப்பாலும் மீட்க முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. 50 லக்ஸ் வெளிச்சம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள் என்றால் 12 வாரத்தில் 28,800 லக்ஸ்-மணி (லக்ஸை மணி நேரத்தால் பெருக்கியது) ஆகிறது. எளிதில் வெளுக்கும் பொருளுக்குச் சர்வதேச ஒளியியல் ஆணையம் ஆண்டுக்குச் சொல்லும் வரம்பு 15,000. ஆறு வாரத்தில் 14,400 ஆகிவிடும். ஆகவே படங்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஆறாவது வார முடிவில் மாற்றிவிடுங்கள். இறக்கிய அணி அந்த ஆண்டு முழுக்க இருட்டுப் பெட்டிக்குள் ஓய்வெடுக்கட்டும். பலர் கோட்டைவிடுவது துப்புரவு, படப்பிடிப்பு, திறப்பு விழா நேரங்களைக் கணக்கில் சேர்க்காமல். கூடத்தில் ஆள் இல்லாதபோது எரியும் விளக்கும் படத்தைத் தின்னத்தான் செய்யும்.

“ஒரே இருட்டு” என்ற புகார் வரும். அதற்காக விளக்கைக் கூட்டாதீர்கள். வெயிலில் இருந்து நேரே வருகிற கண்ணுக்குத்தான் 50 லக்ஸ் இருட்டு. நுழைவிடத்தில் 150, அடுத்த நடையில் 80 என்று படிப்படியாக இறக்கிக் கொண்டுவந்தால் கண் பழகிவிடும். சுவர் அடர்நிறமாக இருக்கட்டும். வெள்ளைச் சுவர் நடுவே தாள் இன்னும் மங்கித் தெரியும். படத்தின் நடு தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் வரட்டும்: விரல் நுனிவரை பார்க்க வேண்டிய படங்கள் இவை.

படச் சட்டத்துக்குக் கண்ணாடியா, அக்ரிலிக்கா? – அதே வாசகி

நீர்வண்ணத்துக்கு, புற ஊதாக் கதிரை வடிகட்டும் அக்ரிலிக் போதும். எடை குறைவு, பயணத்தில் நொறுங்காது. பாஸ்டலோ கரிக்கோலோ இருந்தால் சாதாரண அக்ரிலிக் ஆகவே ஆகாது. துணியால் ஒரு முறை துடைத்தாலே நிலைமின்சாரம் ஏறி, தூளை உரித்து உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அங்கே எதிரொளி தடுக்கும் அடுக்குக் கண்ணாடிதான் வேண்டும்.

படத்தை அமிலமற்ற அட்டையில், மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பான் தாள் கீல்களாலும் கோதுமை மாவுச் சத்துப் பசையாலும் தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரப்பதம் மாறும்போது தாள் விரியச் சுருங்க இடமின்றி அலையலையாக எழும்பும். ஒட்டுநாடா மஞ்சள் கறையை விட்டுப் போகும். வந்திறங்கிய பெட்டியை 24 மணி நேரம் கழித்துத் திறப்பது முறை. பொறுமையில்லாமல் குளிர்காலத்தில் உடனே திறந்தால் கண்ணாடிக்கு உள்ளே நீர் கோத்துவிடும்.

முத்திரைப் படத்தில் எது வலக்கை, எது இடக்கை என்று எப்படி உறுதி செய்வது? – வாசகர், மதுரை

இதில்தான் பிழை அதிகம். கல்லச்சில் கல்லின் மேல் நேரே வரைந்தால் அச்சு இடவலம் மாறி விழும். கணினியில் பக்கம் வடிவமைப்பவர் அழகுக்காகப் படத்தைத் திருப்பிவிடுவதும் உண்டு. நடன முகமூடி தலைகீழானால் பார்வையாளர் சிரிப்பார். முத்திரை இடவலம் மாறினால் யாரும் கவனிக்கவே மாட்டார்கள், அதுதான் ஆபத்து.

மணியைப் பாருங்கள். நம் கோயிலில் அர்ச்சகர் இடக்கையில் மணியும் வலக்கையில் தீபமும் பிடிப்பதுபோல, பாலியின் பூசாரியும் இடக்கையில்தான் மணி அடிப்பார். வலக்கை மலருக்கு. படத்தில் மணி வலக்கையில் இருந்தால் மூலத்தோடு ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

தலைப்புச் சீட்டிலும் கவனம் தேவை. பெடண்டா சிவா, பெடண்டா போடா என்று இரு வகைப் பூசாரிகள் உண்டு. சைவர் முடியை உச்சியில் கொண்டையிடுவார். பௌத்தர் தோள்வரை விட்டிருப்பார், வலக்கையில் வஜ்ரம் என்னும் சடங்குக் கருவியைப் பிடிப்பார். இரண்டையும் “இந்து குரு” என்று ஒரே சீட்டில் அடைப்பது சோம்பேறித்தனம். பாலியின் அரசுகளான படுங் 1906இலும் க்ளுங்குங் 1908இலும் டச்சுக்காரர் வசம் வீழ்ந்தன. க்ளேனின் முத்திரை நூலுக்குத் துணை நின்றவர் டச்சுக் குடியேற்ற அதிகாரி ஒருவர். ஓவியரைத் தனியாக வந்த கனவுப் பயணிபோல் காட்டாமல், இதையும் சீட்டில் எழுதிவிடுங்கள்.

படங்களைக் கண்காட்சி விளக்க நூலில் அச்சிட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? – வாசகர், சென்னை

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பின் 70 ஆண்டு உரிமை. க்ளேன் 1951இல் இறந்ததால் 2022 ஜனவரி 1 முதல் படங்கள் பொதுச்சொத்து. அவற்றை அப்படியே எடுத்த ஒளிப்படத்துக்கும் புதிய உரிமை கிடையாது என்று 2019ஆம் ஆண்டு ஒன்றிய நெறிமுறை சொல்கிறது. நூலின் எழுத்துப் பகுதிக்கு உரிமை வேறு கணக்கு. அதைத் தனியாகப் பாருங்கள். மூலப் படத்தை இரவல் வாங்குவது முற்றிலும் வேறு: ஓராண்டு முன்பே கடிதம், கூடத்தின் வெப்ப–ஈரப்பதப் பதிவு, சுவரிலிருந்து இறக்கியது முதல் திரும்ப மாட்டும்வரை காப்பீடு. படம் எந்த நிலையில் இருக்கிறது என்று பதியும் நிலை அறிக்கை நான்கு முறை: கிளம்பும்போது, வந்ததும், இறக்கும்போது, திரும்பியதும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒரு படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மடிப்பு அதில் தெரியும்.

திறப்பு விழாவில் பாலி முறையில் சானாங் படையல் வைக்கலாமா? – வாசகி, கோவை

முன்கூடத்தில் வையுங்கள், ஓவியக் கூடத்தில் வேண்டாம். சானாங்கில் இருக்கும் இளங்குருத்தோலையும் மலரும் பூச்சியைக் கொண்டுவரும். ஊதுபத்திப் புகை தாளில் படிவதோடு தீ எச்சரிக்கை மணியையும் அடிக்க வைக்கும். அன்று மாலையே எடுத்துவிடுங்கள். ஓலையால் முடைந்த எந்தப் பொருளையும் கூடத்துக்குள் கொண்டுவருமுன் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி −20 டிகிரியில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்த 24 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். படையலை எங்கே, என்ன உயரத்தில் வைப்பது என்பதை உங்கள் ஊரில் வாழும் பாலிக்காரர் ஒருவரிடமே கேளுங்கள். பூசாரியின் படத்தைக் கழிப்பறைச் சுவரின் மறுபக்கம் மாட்டாதீர்கள் என்றும் அவரே சொல்லக்கூடும். கூடத்தின் வரைபடத்தை அவரிடம் காட்டியபின் ஆணி அடியுங்கள்.